வீட்டுத் தோட்டத்தில் தொட்டி மேசை: அமைப்பும் பயனும்

வீட்டுத் தோட்டம் இடுவோர் விதையின் தரத்தையும் உரத்தின் அளவையும் பற்றி மிகுந்த கவலை கொள்கின்றனர். தொட்டியில் மண் நிரப்பும் வேலையைப் பற்றியோ எவரும் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. கிணற்றடியிலோ கொல்லைப்புறத்திலோ குந்தி அமர்ந்து, கைக்கு எட்டிய மண்ணையும் எருவையும் தரையிலேயே கலந்து, சென்ற ஆண்டின் தொட்டியைக் கழுவாமலே நிரப்பி விதைத்துவிடுவது பொது வழக்கமாக இருக்கிறது. விதை நன்றாகவே முளைக்கிறது. ஆனால் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகள் மண் மட்டத்தில் கறுத்துச் சுருங்கிச் சாய்ந்துவிடுகின்றன. பழி விதையின்மேல் விழுகிறது. அடுத்த முறை வேறு விதை வாங்கப்படுகிறது; மண்ணும், தொட்டியும், வேலை செய்யும் இடமும் முன்போலவே இருக்கின்றன. ஆகவே அதே இழப்பு மீண்டும் நேர்கிறது.

இந்நோய்க்கு நாற்றழுகல் என்பது பெயர். பித்தியம், ரைசோக்டோனியா முதலிய நுண்ணுயிர்கள் இதனை உண்டாக்குகின்றன. இவை மண்ணிலும், கழுவாத தொட்டியின் சுவரில் ஒட்டிய பழைய மண்ணிலும், அழுகிய வேர்த் துணுக்குகளிலும் தங்கியிருக்கும். ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்த இடத்தில் விரைந்து பெருகும். எனவே ஒரு நாற்று பிழைப்பதும் மடிவதும் பெரும்பாலும் விதைப்பதற்கு முன்னரே, தொட்டி நிரப்பப்படும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த இடத்தை ஒழுங்கும் தூய்மையும் உடையதாக்கும் எளிய சாதனமே தொட்டி மேசை. மேல்நாட்டுத் தோட்டக்காரர்கள் இதனை ‘பாட்டிங் பெஞ்ச்’ என அழைப்பர். இதனை அமைக்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றில் ஒரு சான்று

தொட்டி மண்ணின் தூய்மை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அனுபவம் நல்ல சான்றாகும். 1930-களில் அங்கு மரபியல் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட சீன ப்ரிமுலா நாற்றுகள் பெருமளவில் மடிந்தன. அக்காலத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு மண் கலவை வேண்டும் என்பது தோட்டக்காரர்களின் நம்பிக்கை. வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் சோதித்து, மண்ணை நீராவியால் தூய்மைப்படுத்தி, குறித்த அளவில் கலந்தால் சில கலவைகளே பெரும்பாலான செடிகளுக்குப் போதும் என்று காட்டினர். விதைப்புக்கு 2 பங்கு களிகலந்த மண், 1 பங்கு பீட் என்னும் சதுப்பு மக்கு, 1 பங்கு மணல். வளர்ந்த நாற்றுக்கு இவையே 7, 3, 2 பங்குகள். அவர்கள் நூல் 1939-இல் வெளிவந்தது.

அவர்களுடைய பொருள்கள் யாவும் நமக்கு ஏற்றவையல்ல. சதுப்பு மக்கு நம் நாட்டில் எளிதிற் கிடைப்பதில்லை. ஆயினும் தூய்மையான மண், அளந்து கலத்தல், ஒரே முறையை ஒவ்வொரு தடவையும் பின்பற்றுதல் என்னும் மூன்று விதிகளும் எந்நாட்டுக்கும் பொருந்துவன. இம்மூன்றையும் தரையில் குந்தியிருந்து கடைப்பிடிப்பது அரிது, மேசையில் எளிது.

இடத் தேர்வு

மேசைக்குரிய இடம் நீர்க் குழாய்க்கும் எருக்குழிக்கும் அண்மையில் இருத்தல் நலம். ஆயினும் எருக்குழியை ஒட்டி வைக்கலாகாது. குழியிலிருந்து பறக்கும் தூசியும் ஈக்களும் தூய கலவையை மாசுபடுத்தும். குறைந்தது நான்கைந்து மீட்டர் இடைவெளி விடுக.

நிழல் அவசியம். வெயிலில் பிடுங்கிய நாற்றின் வேர் சில நிமிடங்களிலேயே உலர்ந்துவிடும். தென்னிந்தியச் சமவெளியில் வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டிய இடமோ, வேம்பு போன்ற மரத்தின் நிழலோ, தென்னங்கீற்றுப் பந்தலோ ஏற்றது. வட இந்தியச் சமவெளியிலும் கோடையில் இதே விதி. மார்கழி, தை மாதக் குளிரில் மட்டும் காலை வெயில் படும் இடத்திற்கு மேசையை மாற்றினால் வேலை செய்வோருக்கும் நாற்றுக்கும் நலம். மழை மிகுந்த கேரளம், அஸ்ஸாம் போன்ற பகுதிகளில் மேற்கூரையின்றி மேசை அமைத்துப் பயனில்லை. சாரல் பட்டுக் கலவை சேறாகிவிடும்.

தரை கெட்டியாகவும் நீர் வடிவதாகவும் இருக்க வேண்டும். செங்கல்லைப் பரப்பி இடுக்குகளில் மணல் இட்டால் போதும்.

உயரமும் அளவும்

மேசையின் உயரம் வேலை செய்வோரின் உடலைப் பொறுத்தது. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்க. அவ்வளவிலிருந்து சுமார் 15 செ.மீ. குறைத்தால் மேசையின் உயரம் கிடைக்கும். முழங்கை 100 செ.மீ. உயரத்தில் இருப்பவருக்கு 85 செ.மீ. மேசை பொருந்தும். முழங்கை 85 செ.மீ. உயரத்தில் உள்ள மாணவருக்கு 70 செ.மீ. போதும். மேசையின் மேல் தொட்டியும் வைக்கப்படுவதால் கை மேலும் உயரும் என்பதை மறத்தலாகாது. 30 செ.மீ.க்கு மேற்பட்ட பெருந்தொட்டிகளை மேசைமேல் ஏற்றாமல், 40 செ.மீ. உயரமுள்ள தனித் திண்ணையில் வைத்து நிரப்புக.

பெரியவரும் சிறுவரும் ஒரே மேசையைப் பயன்படுத்தும் வீட்டிலும் பள்ளியிலும், மேசையைப் பெரியவர் உயரத்திற்கு அமைத்துச் சிறுவர் நிற்க அகலமான உறுதியான பலகைப் படி ஒன்று செய்தல் நன்று. முதுகு வலியால் தோட்ட வேலையைக் கைவிட்ட முதியோர் பலர், நிமிர்ந்து நின்று செய்யும் வசதி கிடைத்தால் மீண்டும் ஈடுபடுவர். நிற்க இயலாதோர்க்கு, முழங்கால் உள்ளே நுழையுமாறு கீழ்த்தட்டு இல்லாத மேசை அமைத்து, முக்காலியில் அமர்ந்து வேலை செய்யலாம்.

நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ. போதுமானது. அகலம் இதற்கு மேற்பட்டால் பின்பக்கத்திற்குக் கை எட்டாது. பின்புறம் 20 செ.மீ., இரு பக்கங்களிலும் 15 செ.மீ. உயரத்திற்குத் தடுப்புப் பலகை வைத்தால் மண் சிதறாது. முன்புறம் 3 செ.மீ. சட்டம் போதும், அதற்கு மேல் உயர்ந்தால் மணிக்கட்டு உராயும். தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் ஒரு கீழ்த்தட்டு அமைத்துத் தொட்டிகளை அதில் கவிழ்த்து வைக்கலாம்.

ஈரமான மண் ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. 40 லிட்டர் கலவை மேசையில் இருந்தால் எடை 60 கிலோ. எனவே கால்கள் பருமனாக இருப்பதோடு, கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் பொருத்துவதும் அவசியம். மாடித் தோட்டத்தில் மேசையைத் தளத்தின் நடுவில் வைக்காமல், சுவர் தாங்கும் ஓரத்தில் வைத்தல் பாதுகாப்பானது.

பொருள்கள்

அந்தந்த வட்டாரத்தில் மலிவாகக் கிடைப்பதே சிறந்த பொருள். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் கடப்பைக் கல்லும், இராஜஸ்தானத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் கோட்டாக் கல்லும் மேற்பரப்புக்கு ஏற்றவை. இவை நீரால் கெடா, துடைத்தால் தூய்மையாகும், கரையானும் அணுகாது. செங்கல் தூண் இரண்டு கட்டி ஒரு கற்பலகையைக் கிடத்தினால் பல்லாண்டு நிற்கும் மேசை கிடைத்துவிடும். பனை வளரும் இடங்களில் முற்றிய பனஞ்சட்டம் கால்களுக்கு உதவும். இமயமலைச் சாரலில் தேவதாரு மரம் இயல்பாகவே அழுகலைத் தாங்கக் கூடியது. வடகிழக்கு மாநிலங்களிலும் கேரளத்திலும் மூங்கில் தாராளம். முற்றிய மூங்கிலை வெட்டிச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் துளைக்கும் வண்டின் தொல்லை குறையும். பழைய கதவு, உடைந்த பள்ளி மேசை ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். மேலே ஒரு தகரத்தை அறைந்து, ஓரங்களை மடித்துவிட வேண்டும்.

மரக் கால்களைத் தரையில் புதைக்கலாகாது. ஒவ்வொன்றையும் தட்டைக் கல்லின்மேல் நிறுத்துக. எறும்பு ஏறாதிருக்க மேசைக் கால்களை நீர்க் கிண்ணங்களில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு நீர்த் தேக்கங்களிலேயே முட்டையிடுகிறது. ஆகையால் கிண்ணத்தில் நீருக்குப் பதிலாக உலர்ந்த சாம்பலை இடுக. தொட்டிகளுக்கு அடியிலுள்ள தட்டுகளையும் வாரம் ஒரு முறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுக.

கருவிகளும் அவற்றின் வரிசையும்

தேவையான கருவிகள் சிலவே: கைக்கரண்டி ஒன்று; 6 மி.மீ., 3 மி.மீ. கண்ணுள்ள சல்லடைகள் இரண்டு, அளவுப் பாத்திரம் ஒன்று, விரல் பருமனுள்ள கூர்க்குச்சி, கத்தரிக்கோல், நுண்துளைப் பூவாளி, நார்த் தூரிகை, பெயர்ச்சீட்டுகளும் பென்சிலும். மையால் எழுதிய பெயர் மழையில் அழியும். பென்சில் எழுத்து நெடுநாள் நிற்கும். அளவுப் பாத்திரத்திற்கு ஒரு பழைய தகர டப்பா போதும்; ஆனால் என்றும் அதே டப்பாவையே பயன்படுத்த வேண்டும்.

மேசையை மனத்தால் மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கொள்க. இடப்பக்கம் சலிக்காத பொருள்களுக்கு. நடுப்பகுதி கலப்பதற்கும் நிரப்புவதற்கும். வலப்பக்கம் நிரப்பிய தொட்டிகளுக்கு. வேலை எப்போதும் இடமிருந்து வலமாகச் செல்லும். இடக்கைப் பழக்கமுடையோர் இதனை மாற்றிக் கொள்ளலாம். நோயுற்ற செடியையோ கழுவாத தொட்டியையோ எக்காரணத்தாலும் மேசைமேல் வைக்கலாகாது என்பது முதல் விதி. அவற்றுக்குத் தரையில் தனிக் கூடை இருக்கட்டும்.

மண் கலவை

செம்மண், மணல், நன்கு மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம பங்காகக் கலப்பது நம் நாட்டு நாற்றங்கால்களில் பழக்கமான முறை. கரிசல் மண் பகுதிகளில் களி மிகுதியாதலால் மணலை இரட்டிப்பாக்க வேண்டும். கங்கைச் சமவெளியின் நுண்ணிய வண்டல், நீர் ஊற்றியதும் மேலே ஏடு கட்டி இறுகும் இயல்புடையது. அதற்கு இலைமக்கைக் கூட்டுக. ஆற்று மணல் அள்ளுதல் பல இடங்களில் கட்டுப்படுத்தப்பட்டுள்ளமையால், கழுவிச் சலித்த செங்கல் தூளையோ, தூசு நீக்கிய கல்லுடை மணலையோ, கருக்கிய உமியையோ பயன்படுத்தலாம். கல்லுடை மணலைக் கழுவாமல் சேர்த்தால் அதன் நுண்தூள் இடைவெளிகளை அடைத்துவிடும்.

சதுப்பு மக்குக்கு ஈடாக நமக்குக் கிடைத்திருப்பது தென்னை நார்க்கழிவு. 5 கிலோ கட்டி ஒன்று நீரில் ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பெருகும். இதில் உப்பு மிகுந்திருக்கக் கூடுமாதலால் நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பின்னரே பயன்படுத்துக. இதில் ஊட்டம் மிகக் குறைவு. மக்கிய எருவைச் சேர்த்தாலன்றிச் செடி வெளிறும். எருவை ஆயத்தம் செய்ய, 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்த மக்கு முறை இன்றும் பின்பற்றத் தக்கது. மக்காத எரு வேரைக் கருக்கும். மண் வாசனை வீசி, கையில் பொலபொலவென உதிர்வதே மக்கிய எருவின் அடையாளம்.

கலவையின் ஈரத்தைக் கைப்பிடியால் அறியலாம். ஒரு பிடி எடுத்து அழுத்துக. உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தொட்டதும் உடைய வேண்டும். விரலிடுக்கில் நீர் கசிந்தால் ஈரம் மிகுதி. உருண்டை பிடிக்காவிட்டால் குறைவு.

மண்ணைத் தூய்மைப்படுத்துதல்

நம் நாட்டின் கோடை வெயிலே மலிவான மருந்து. ஈர மண்ணை ஒளி புகும் மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் விடும் முறையை இஸ்ரேல் நாட்டு அறிஞர் கட்டான் குழுவினர் 1976-இல் வெளியிட்டனர். சித்திரை, வைகாசி மாதங்களில் மண்ணை 15 செ.மீ. கனத்திற்குப் பரப்பி, நன்றாக நனைத்து, தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து நான்கு முதல் ஆறு வாரங்கள் விடுக. தாள் கறுப்பாக இருந்தால் மண் அவ்வளவு சூடேறாது. உலர்ந்த மண்ணிலும் பயன் குறைவு. ஈரம் வெப்பத்தை உள்ளே செலுத்துவதோடு, உறங்கும் கிருமிகளையும் களை விதைகளையும் எழுப்பி வெப்பத்திற்கு இரையாக்குகிறது.

மலைப் பகுதிகளிலும் மழைக்காலத்திலும் இது கைகொடாது. அங்கு இட்லிப் பானையைப் போன்ற அமைப்பில் ஈர மண்ணைத் துணியில் கட்டி நீராவியில் வைக்கலாம். பாத்திரம் சமையலுக்கு உரியதாக இருத்தல் கூடாது. மண்ணின் நடுப்பகுதி 80 டிகிரி செல்சியஸை எட்டியபின் அரை மணி நேரம் போதும். மிகைப்படச் சூடேற்றினால் மாங்கனீஸ் முதலியன நச்சளவில் வெளிப்பட்டு நாற்றுக்குத் தீங்கு நேரும்.

தூய்மையாக்கிய மண்ணில் நன்மை செய்யும் நுண்ணுயிரைக் குடியேற்றுவது அடுத்த படி. 10 கிராம் டிரைக்கோடெர்மாவை 1 கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரம் காத்து நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து பின் மண்ணுடன் சேர்க்கலாம். விதையையும் கிலோவுக்கு 4 கிராம் வீதம் இதனுடன் புரட்டி விதைக்கலாம். வேளாண் அறிவியல் நிலையங்களில் இது கிடைக்கும். இத்தகைய நிலையங்களுள் முதலாவது 1974-இல் புதுச்சேரியில் நிறுவப்பட்டது. இன்று நாடெங்கும் 700-க்கு மேற்பட்டவை உள்ளன.

பழைய தொட்டிகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வீட்டு வெளுப்புத் திரவம் 1 பங்கும் நீர் 9 பங்கும் கலந்த கரைசலில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பின் நன்னீரில் அலசுக. அக்கரைசலுடன் அமிலம் எதனையும் கலக்கலாகாது. நச்சு வாயு எழும். புதிய மண் தொட்டிகளை ஓர் இரவு நீரில் ஊறவைக்க வேண்டும். இல்லையேல் அவை கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

தொட்டியில் நீரின் போக்கு

தொட்டியின் அடியில் கூழாங்கற்களை ஓர் அடுக்காக இட்டால் நீர் நன்கு வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை இதற்கு மாறானது. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், அதன் கீழுள்ள பருத்த கற்களின் இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முற்றிலும் நனைந்த பின்னரே சொட்டத் தொடங்கும். ஆகவே அந்த ஈர அடுக்கு கற்களுக்கு மேலே ஏறி வேருக்கு அருகில் வந்துவிடுகிறது. வேர் பரவும் ஆழமும் குறைகிறது.

இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். நீள்சதுரக் கடற்பஞ்சு ஒன்றை நீரில் நன்றாக நனைத்து, கிடைமட்டமாகப் பிடிக்கச் செய்க. சொட்டுவது நின்றதும் அதனைச் செங்குத்தாக நிறுத்துக. மீண்டும் நீர் வடியக் காணலாம். பஞ்சு அதுவே, நுண்துளைகளும் அவையே. உயரம் கூடியதால் நீர் வடிந்தது. ஆழமற்ற தொட்டியில் நீர் தேங்குவதற்கும், ஆழ்ந்த தொட்டியின் மேற்பகுதி விரைவில் உலர்வதற்கும் இதுவே காரணம். எனவே துளையின்மேல் மண் ஒழுகாதிருக்க ஓர் ஓட்டுச்சில்லோ சிறிது தேங்காய் நாரோ போதும். வடிகாலுக்கு வேண்டியது முழுவதும் கலவையின் தன்மையிலேயே அமைய வேண்டும்.

மேசையில் வேலை முறை

தொட்டியில் கலவையைத் தளர நிரப்பி, அடியை மேசையில் இரண்டு முறை மெல்லத் தட்டுக. கட்டைவிரலால் அழுத்தினால் காற்றிடைவெளி அற்றுப்போகும். விளிம்பிலிருந்து 2 செ.மீ. வெற்றிடம் விடுக; ஊற்றும் நீர் அங்கு நின்று இறங்கும். விதையை அதன் கனத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் இடுக. நெருக்கமாக விதைத்தல் நாற்றழுகலை வரவழைக்கும். கீரை போன்ற நுண்விதைகளை மணலுடன் கலந்து தூவுக. முதல் நீரைத் தொட்டியின் அடியிலிருந்து ஏறுமாறு தட்டில் வைத்துக் கொடுப்பது நன்று. பின்னர்க் காலையில் மட்டும் பூவாளியால் தெளிக்கலாம். மாலையில் ஊற்றினால் இரவு முழுதும் ஈரம் நின்று நோய்க்கு இடமாகும்.

உண்மையிலை இரண்டு தோன்றியதும் நாற்றைப் பிரித்து நடலாம். விதையிலையைப் பிடித்துத் தூக்குக, தண்டைப் பிடிக்கலாகாது. ஓர் இலை கிழிந்தால் நாற்று வேறொன்று விடும். தண்டு நசுங்கினால் நாற்று மடியும். தக்காளியை விதையிலை மட்டம் வரை ஆழ்த்தி நடலாம். தண்டிலிருந்தே புதுவேர் விடும். மற்றவற்றை முன்பிருந்த ஆழத்திலேயே நடுக. பெரிய தொட்டிக்கு மாற்றுகையில் முந்தியதைவிட 5 செ.மீ. அகலம் கூடிய தொட்டி போதும். சிறு செடியைப் பெருந்தொட்டியில் இட்டால் வேர் எட்டாத மண் ஈரத்தில் புளித்துவிடும்.

உடற்பாதுகாப்பு

மண் வேலை நலமானது; எனினும் எச்சரிக்கை தேவை. உலர்ந்த கலவையைக் கிளறும்போது எழும் தூசியை மூச்சில் இழுக்கலாகாது. 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் தொட்டி மண் கலவையிலிருந்து லெஜியோனெல்லா வகைப் பாக்டீரியா ஒன்று தொற்றி நுரையீரல் அழற்சி உண்டானது கண்டறியப்பட்டது. கலவை மூட்டையை முகத்திற்கு எட்ட வைத்துத் திறந்து, முதலில் நீர் தெளித்த பின்னரே கிளறுக. நீரிழிவு உடையோர் கையுறையும் காலணியும் இன்றி, குறிப்பாக மழைக்காலத்தில், மண்ணைத் தொடலாகாது. மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி அவர்களைக் கடுமையாகத் தாக்கக் கூடும். கீறல் பட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவி, தனுர்வாயுத் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் மேசையைத் துடைப்பதைப் போலவே கைகளைக் கழுவுவதும் மாணவர்க்குப் பழக்கமாக வேண்டும்.

பள்ளிப் பாடத்தில் மேசை

பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டி நெறிகளை 2019-இல் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்டது. இத்தகைய தோட்டத்தில் முதல் நாற்றே மடிந்துவிட்டால் மாணவரின் ஆர்வமும் அதனோடு மடியும். தோட்டத்திற்குப் பாத்தி வெட்டுமுன் ஒரு தொட்டி மேசையை அமைத்தல் இதனால் நன்று.

கணக்குப் பாடத்திற்கும் இது உதவும். மேல் விட்டம் 20 செ.மீ., அடி விட்டம் 13 செ.மீ., உயரம் 18 செ.மீ. கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 3.9 லிட்டர். 25 தொட்டிகளுக்கு 98 லிட்டர். அமுங்குவதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 108 லிட்டர் கலவை வேண்டும். ஆனால் மூன்று பொருள்களையும் 36 லிட்டர் வீதம் அளந்து கலந்தால் 108 லிட்டர் கிடைக்காது. மணல் எருவின் இடைவெளிகளில் புகுந்துகொள்வதால் அளவு குறையும். எவ்வளவு குறைகிறது என்பதை மாணவரே ஒரு சிறு டப்பாவால் அளந்து கண்டறியட்டும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் விதைத்த நாள், கலவை, விதை எண்ணிக்கை, முளைத்தவை, மடிந்தவை ஆகியவற்றை ஏட்டில் குறிக்கச் செய்க. குறிப்பு இல்லாத தோட்டத்தில் ஒவ்வொரு பருவமும் முதற் பருவமே.

மேசையின் பராமரிப்பு

நாள்தோறும் வேலை முடிந்ததும் எஞ்சிய கலவையை மூடியுள்ள பெட்டியில் இட்டு, மேசையைத் துடைத்து உலரவிடுக. மாதம் ஒரு முறை வெளுப்புக் கரைசலால் துடைத்து அலசுக. ஆண்டுக்கு ஒரு முறை, மழை தொடங்குமுன், மரப் பகுதிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுக. வண்டி எஞ்சினின் கழிவெண்ணெய் பூசுதல் கூடாது, அது மண்ணில் கலந்து செடிக்குக் கேடு செய்யும். ஆடிப் பட்டத்து விதைப்புக்கு முன் மண்ணை வெயிலில் மூடி ஆயத்தம் செய்ய வேண்டுமாதலால், மேசை வேலைகளைச் சித்திரையிலேயே தொடங்குதல் உத்தமம்.

விரிவாக்கப் பணியாளர்கள் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு வீட்டிலோ பள்ளியிலோ இத்தகைய மேசை ஒன்றை அமைத்துக் காட்டுவார்களாயின், விளக்கவுரை பலவற்றினும் அது மிகுந்த பயன் தரும். விலையுயர்ந்த வீரிய விதையை வாங்கும் குடும்பம், அவ்விதையைக் காக்கும் முறையையும் அங்கேயே கண்டு கற்றுக்கொள்ளும்.

பயிற்சி

1. உங்கள் வகுப்பு மாணவர் பத்துப் பேரின் முழங்கை உயரத்தை அளந்து, சராசரியைக் கணக்கிட்டு, பள்ளி மேசைக்குத் தக்க உயரத்தைக் கூறுக.

2. ஒரே அளவுள்ள எட்டுத் தொட்டிகளை எடுத்துக் கழுவி, நான்கில் வெயிலில் மூடிவைத்த மண்ணையும், நான்கில் அதே மண்ணில் மூடிவைக்காத பகுதியையும் நிரப்புக. ஒவ்வொன்றிலும் ஒரே தக்காளி விதையில் 25 இடுக. நீர், நிழல், நாள் யாவும் ஒன்றாக இருக்கட்டும். 20-ஆம் நாள் உயிருடன் உள்ள நாற்றுகளை எண்ணி ஒப்பிடுக. இரு வகைத் தொட்டிகளுக்கும் ஒரே ஒரு வேறுபாடு மட்டும் இருக்க வேண்டியது ஏன்?

3. உங்கள் வட்டாரத்தில் மேசைக்கு ஏற்ற பொருள்கள் யாவை? அவை ஈரத்தையும் கரையானையும் தாங்குமா என்பதை ஊர்த் தச்சரிடம் கேட்டு எழுதுக.